பெட்டியின் மேல் நான்கு எழுத்து

பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பது பொட்டலத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அரசாங்கம் எனக்கு முப்பத்து மூன்று வருடம் சம்பளம் கொடுத்தது. முத்திரை ஆய்வாளர் என்று பதவியின் பெயர். தராசு, படிக்கல், லிட்டர் அளவை, பெட்ரோல் பம்பு என்று எல்லாவற்றையும் சோதித்து முத்திரை குத்துவோம். கோவில்பட்டியில் அந்த வேலையில் இருந்தவனுக்குக் கூடுதலாக இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று கடலைமிட்டாய்ப் பாக்கெட். மற்றது தீப்பெட்டி. பெட்டியின் மேல் சராசரி இத்தனை குச்சிகள் என்று அச்சடித்திருப்பார்கள். நான் மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, குச்சிகளைக் கொட்டி எண்ணுவேன். புதிதாக வரும் உறவினர்களிடம் என் மனைவி இன்றும், "இவிய குச்சி எண்ணுத ஆபீசரா இருந்தாவ" என்றுதான் அறிமுகம் செய்கிறாள். தகவல் பிழை என்று மறுக்க இடமில்லை.

ஓய்வு பெற்ற ஐந்தாவது வருடம், புரட்டாசி மாதத்துக் காலை ஒன்றில், பக்கத்துத் தெரு மைக்செட்காரர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவர் குழாய் ஒலிபெருக்கிதான். ஐம்பது வயதைத் தாண்டியவர்.

"சார், இது உங்க டிபார்ட்மெண்ட் சமாச்சாரமான்னு பாருங்க."

"நான் ரிட்டயராகி அஞ்சு வருசமாச்சுவே."

"டிபார்ட்மெண்ட் இன்னும் ரிட்டயர் ஆகலைல்லா?"

பெட்டிக்குள் கம்பியில்லாத ஹெட்போன். பெட்டியின் முகப்பில் வெள்ளி நிறத்தில் நான்கு ஆங்கில எழுத்துகள். அதன் கீழே 'ஸ்டுடியோ தரம்'. அதற்கும் கீழே 'ஒரே நேரத்தில் இரண்டு போன்களுடன் இணையும்'. நான் பழக்க தோஷத்தில் பெட்டியைத் திருப்பி, தயாரித்தவர் முகவரி, மாதம், அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாம் விதிப்படி இருந்தன. குறை சொல்ல ஒன்றும் இல்லாத பெட்டியைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே சந்தேகம் வரும்.

"அந்த நாலெழுத்து என்னது?"

"அதுதான் சார் கோடெக். பருத்தியப் பொதியா அமுக்கிக் கட்டி லாரில ஏத்தி, மில்லுல போயிப் பிரிக்காவல்லா? அது மாதிரி, போனு பாட்ட அமுக்கிக் கட்டி அனுப்பும், ஹெட்போனு வாங்கிப் பிரிக்கும். மட்டமாக் கட்டுனா பஞ்சு சிந்திப் போவும். இந்த நாலெழுத்து நல்லாக் கட்டுதது. அதுக்குத்தான் இத வாங்குனேன். ஆனா சிந்துது சார். என் காதுக்குத் தெரியுது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாற்றுக் குறைந்தது. காரணம் பிறகு தெரிந்தது.

அதற்கு முந்தைய ஆவணியில், கயத்தாறுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு அவர் குழாய் கட்டியிருக்கிறார். அடுத்த பாட்டை முதலில் ஹெட்போனில் கேட்டு, ஏற்ற இறக்கம் சரிசெய்து, பிறகு குழாய்க்கு விடுவது அவர் வழக்கம். பழைய கம்பி ஹெட்போனை எலி கடித்துவிட்டதால் இந்தப் புதியதை முதல் தடவையாக எடுத்துப் போனார். கேட்டபோது சலங்கை, ஜால்ரா மாதிரியான மேல் ஓசை மங்கலாக இருந்தது. அதனால் கொஞ்சம் ஏற்றினார். குழாயில் போனபோது ஊசி குத்துகிற மாதிரி அலறியிருக்கிறது. விழாக் கமிட்டிப் பெரியவர் நடுப்பகலில், கூட்டத்துக்கு மத்தியில் கேட்டுவிட்டார்: "என்னவே, காது போச்சா உமக்கு? பிள்ளையெல்லாம் காதப் பொத்திக்கிட்டு நிக்கி!"

ஒரு வார்த்தை போதும். கயத்தாறில் இன்னொரு மைக்செட்காரர் இருந்தார். அவர் அந்த வார்த்தையை எடுத்துக் கொஞ்சம் வளர்த்தார். முப்பது வருடம் குழாய்க்கு அடியில் கிடந்த காது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று டீக்கடைகளில் அனுதாபப்பட்டார். அடுத்து வர வேண்டிய இரண்டு கொடைகள் அனுதாபப்பட்டவருக்கே போயின.

"ஒண்ணு இந்த ஹெட்போன் பொய் சொல்லணும் சார். இல்லன்னா என் காது பொய் சொல்லணும். எதுன்னு எனக்குத் தெரியணும். காது போன மைக்செட்காரன எவன் கூப்பிடுவான்?"

காது டாக்டரிடம் போனால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடுமே என்றேன். முகம் சட்டென்று மூடிக்கொண்டது.

"அங்கன போனா எழுதிக் குடுத்துருவாவ சார். எழுதிட்டா அப்புறம் அழிக்க முடியாது."

எழுத்தின் பலம் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் அத்தோடு விட்டுவிட்டேன். ஹெட்போனைக் காட்டச் சொன்னேன்.

அவர் ஒரு பாட்டைப் போட்டு என் தலையில் மாட்டினார். "சலங்கை கேக்குதா? மணி மணியாக் கேக்கணும். இதுல கடுகக் கொட்டுன மாதிரி கேக்கும்."

"பாட்டு கேக்குது."

"சலங்கை?"

"பாட்டு நல்லாக் கேக்குது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. எனக்கோ ஆர்வம் பிடித்துக்கொண்டது. அரிசியில் ஐம்பது கிராம் குறைந்தால் தராசு சொல்லும். ஓசையில் ஐம்பது கிராம் குறைந்தால் சொல்ல எந்தத் தராசு இருக்கிறது? அந்தத் தராசுக்கு யார் முத்திரை குத்துகிறார்கள்? பெட்டியில் முத்திரைகளுக்குப் பஞ்சமில்லை. மின்கலம் தீப்பிடிக்காது என்பதற்கு ஒன்று. வேறு வானொலி அலைகளுக்கு இடைஞ்சல் செய்யாது என்பதற்கு ஒன்று. அந்த நான்கு எழுத்து உண்மை என்பதற்கு மட்டும் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. ஆக, எழுதியவனே சாட்சி. இப்படிப்பட்ட பொட்டலத்தை என் உத்தியோக காலத்தில் பார்த்திருந்தால் அன்றைக்கு மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்திருப்பேன்.

இரண்டு நாள் இணையத்தில் படித்தேன். போனுக்குள் ஒளித்துவைத்த ஒரு பட்டியல் இருக்கிறது. அமைப்புகளில் ஒரு குறிப்பிட்ட வரியை ஏழு முறை தட்ட வேண்டும். ஏழாவது தட்டில், நீங்கள் இப்போது டெவலப்பர் ஆகிவிட்டீர்கள் என்று போன் அறிவிக்கும். துறையில் பதினோரு வருடம் காத்திருந்தும் கிடைக்காத பதவி உயர்வு எனக்கு இப்படித்தான் கிடைத்தது. அந்தப் பட்டியலில், எந்தக் கோடெக்கில் பாட்டு போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியும். அவருடைய போனில் பார்த்தோம். நான்கெழுத்து சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. ஓடிக்கொண்டிருந்தது எஸ்.பி.சி. என்கிற அடிப்படை முறை. புளூடூத்தில் எல்லா ஹெட்போனுக்கும் பொதுவானது. நூறு ரூபாய் மலிவுச் சரக்கிலும் அதுதான்.

மைக்செட்காரர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தார்.

"அப்ப என் காது சரி!"

"உம்ம காதப் பத்தி இது ஒண்ணும் சொல்லலவே. ஹெட்போனப் பத்தித்தான் சொல்லுது."

அந்த இரண்டாவது வாக்கியம் அவர் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

நிறுவனத்துக்கு எழுதினோம். அரட்டைப் பெட்டியில் ஒரு பெண் பெயர், தன் இசைப் பயணத்தில் எங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி தெரிவித்து, ஹெட்போனை அணைத்துப் போடச் சொன்னது. போட்டோம். மறுநாள் ஒரு ஆண் பெயர் அணைத்துப் போடச் சொன்னது. மூன்றாம் நாள் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு அணைத்துப் போடச் சொன்னார்கள். நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். எட்டாம் நாள் புகார் தீர்க்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. எதைத் தீர்த்தார்கள் என்று அதில் இல்லை. நான் ஒவ்வொன்றையும் படம் பிடித்து, எண் போட்டு, தேதி எழுதிக் கோப்பில் சேர்த்தேன். மனைவி கோப்பைப் பார்த்துவிட்டு, "திரும்பவும் குச்சி எண்ண ஆரம்பிச்சாச்சா?" என்றாள்.

உண்மை வெளிப்பட்டது என் திறமையால் அல்ல, ரேஷன் கடையால். அவரிடம் இரண்டு போன் உண்டு. ஒன்றில் பாட்டு. மற்றது, பாட்டை மாத்து, சத்தத்தைக் குறை என்று கமிட்டிக்காரர்கள் கூப்பிடுவதற்கு. இரண்டும் எப்போதும் ஹெட்போனோடு இணைந்தே இருக்கும். அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் அவர் வாங்கியது. அன்று ரேஷன் கடையில் ரகசிய எண் வரும் என்று இரண்டாவது போனை அவர் மனைவி எடுத்துப் போயிருந்தார். மைக்செட்காரர் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, வழக்கம்போல ஒரு குமிழை மட்டும் வலது காதில் வைத்துக்கொண்டு பாட்டைப் போட்டவர், எழுந்து நின்றுவிட்டார்.

"சார்! சலங்கை!"

அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன, யாரு ஆடுதா?"

பட்டியலைப் பார்த்தேன். நான்கெழுத்து உயிரோடு இருந்தது.

அரை மணி நேரத்தில் அவர் மனைவி கோதுமைப் பையோடு எங்கள் வாசலுக்கு வந்து போனைக் கொடுத்தார். மைக்செட்காரர் ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தார். அடுத்த பாட்டு ஆரம்பித்ததும், "போச்சு" என்றார். போன் திரையை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எஸ்.பி.சி.

அன்று மாலையே சோதனை வைத்தேன். அவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, பாட்டை நிறுத்தி, இரண்டாவது போனை இணைத்தோ துண்டித்தோ, மறுபடி பாட்டைப் போட்டேன். எந்த முறை எதைச் செய்வது என்று முன்கூட்டியே நாணயம் சுண்டி எழுதி வைத்திருந்தேன். பத்து முறை. அவர் 'இருக்கு', 'இல்ல' என்று சொன்னதை மனைவி குறித்துக்கொண்டாள். பத்தும் சரி. எனக்குப் பத்தும் ஒரே மாதிரிதான் கேட்டது. ஒரு மனிதனின் காதுக்குள் எனக்கு நுழைய அனுமதியில்லாத அறை ஒன்று இருப்பதை நேரில் பார்த்த மாதிரி இருந்தது.

ஆக, பெட்டியில் எழுதியது இரண்டும் தனித்தனியே உண்மை. நான்கெழுத்து வரும். இரண்டு போன் சேரும். இரண்டும் ஒன்றாக வராது. ஒரு கடையில் சரியான தராசும் சரியான படிக்கல்லும் இருந்து, அந்தத் தராசில் அந்தக் கல்லை வைக்க முடியாது என்றால் கடைக்காரர் எதை வைத்து நிறுக்கிறார்? நிறுவனத்தின் இணையதளத்தைத் துருவினேன். உதவிப் பக்கத்தின் அடியில், பத்தொன்பதாவது கேள்விக்குப் பதிலாக, இரண்டு சாதனம் இணைந்திருக்கும்போது இந்த முறை இயங்காது என்று ஒரு வரி இருந்தது. தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். பெட்டிக்கு மட்டும் சொல்லவில்லை.

நோட்டீஸ் அனுப்பினேன். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். அரட்டையில் மூன்று வாரம் தூங்கிய நிறுவனம் ஆறு நாளில் விழித்தது. முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாகவும், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படியும் மின்னஞ்சல் வந்தது. தவறு என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

"வாங்கிக்கிடுதீரா?" என்று கேட்டேன்.

"ரூவாய வச்சு நான் ஊருக்கு என்னத்தக் காட்ட? ரூவா பேசாது சார். ஹெட்போன்லதான் குறைன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

நிறுவனங்கள் பணத்தை விடுமே தவிர வாக்கியத்தை விடாது என்பது எனக்கு அனுபவம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அவர் பெயரில் மனு எழுத உட்கார்ந்தேன். இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

மனுவுக்குத் தேவையானவை மூன்று: பெட்டியின் படம், போன் திரையின் படம், பத்தொன்பதாவது கேள்வி. அவ்வளவுதான். ஆனால் பத்துக்குப் பத்து என்ற அந்த மாலை என் தலைக்கு ஏறியிருந்தது. இரண்டாவது பத்தியில், 'மனுதாரர் முப்பது ஆண்டுகளாக ஒலியமைப்புத் தொழிலில் இருப்பவர். ஐயத்துக்கு இடமற்ற செவித்திறன் உடையவர்' என்று எழுதினேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோது நன்றாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். சோதிக்காத சரக்குக்கு லேபிள் ஒட்டிய குற்றத்துக்காக எத்தனையோ பேரை அலைய வைத்தவன் நான். மனு இணையம் வழியாகப் போய்ச் சேர்ந்தது.

நிறுவனத்தின் பதிலுரை பதினாறு பக்கம் வந்தது. பதினைந்து பக்கம் சம்பிரதாயம். மீதி ஒரு பக்கம் என் வாக்கியத்துக்கு. மனுதாரரின் செவித்திறன் ஐயத்துக்கு இடமற்றது என்பதை மறுக்கிறோம். பலத்த ஓசையில் பல ஆண்டு இருந்தவருக்குக் காது மந்தமாவது இயல்பு. அவர் சொல்லும் குறை ஹெட்போனில் இல்லை, அவரிடமே இருக்கலாம். ஆகவே செவிப் பரிசோதனைச் சான்றை அவர் தாக்கல் செய்ய வேண்டும்.

ஆங்கிலத்தில் இருந்ததை நான்தான் அவருக்குத் தமிழில் சொன்னேன். கேட்டு முடித்துத் தாளை நான்காக மடித்தார்.

"சார், காதப் பத்தின அந்த வரிய உங்கள யாரு எழுதச் சொன்னா?"

நான் கோப்பைப் புரட்டினேன்.

"நான் சொல்லலையே" என்றார். சண்டைக் குரல் இல்லை. எழுந்து போய்விட்டார்.

நான்கு நாள் வரவில்லை. அந்த நான்கு நாளில் நான் வழி கண்டுபிடித்துவிட்டேன். வழக்குக்கு அவர் காது தேவையே இல்லை, போன் திரை போதும், அந்த வாக்கியத்தை நீக்கிக்கொள்ள ஒரு பக்க மனு போட்டால் தீர்ந்தது. ஐந்தாம் நாள் அதை எழுதி எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. மேசை விசிறி ஒன்று இரைந்துகொண்டிருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து ஒரு ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, "கோவமா வே?" என்றேன். திரும்பவில்லை. "தப்பு என் மேலதான், ஒத்துக்கிடுதேன்" என்றேன். திருப்புளியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். நியாயம்தான் என்று நினைத்தேன். வெளிச்சத்தை மறைக்கிறேனோ என்று அவருக்கு வலது பக்கமாகச் சுற்றி வந்து, "காப்பி குடிச்சாச்சா?" என்றேன்.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "எப்ப வந்தீங்க சார்?"

 எனக்குப் புரிந்துவிட்டதை என் முகத்தில் அவர் படித்துவிட்டார்.

"எடது காது சார்" என்றார். "ரெண்டு மூணு வருசமாவே தெரியும். ஜெனரேட்டர எப்பவும் எடது பக்கம்தான் வைப்பேன். வீட்டுல எம் பொண்டாட்டிக்குக்கூட இது தெரியாது. கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கேன், திமிரு பிடிச்சவன்னு ஏசுவா. ஏசட்டும்னு இருந்துட்டேன்."

நான் கொண்டுபோன தாளைக் காட்டினேன். வாக்கியத்தை எடுத்துவிட்டால் பரிசோதனை என்ற பேச்சே எழாது, யாரும் எதையும் நிரூபிக்க வேண்டாம் என்று விளக்கினேன்.

"நம்ம வரிய எடுத்துருவோம். அவன் எழுதுன வரி?"

"அது இருக்கும்."

"காதப் பத்தின எழுத்துல அது மட்டும்தான் நிக்கும், என்ன?" திருப்புளியைக் கீழே வைத்தார். "வலது காதும் போச்சோன்னு எனக்கே ராவெல்லாம் பயமா இருக்கு சார். போவோம். எம்மட்டுப் போச்சு, எம்மட்டு இருக்குன்னு பாத்துருவோம்."

திருநெல்வேலிக்கு ரயிலில் போனோம். காது மருத்துவமனையில், சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு சின்ன அறை. கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு இளம்பெண் கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் மைக்செட்காரர், கையில் ஒரு பொத்தானோடு. ஓசை கேட்டால் அழுத்த வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். கருவியின் பக்கவாட்டில், அது எப்போது சரிபார்க்கப்பட்டது, அடுத்து எப்போது சரிபார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எனக்கு ஏனோ மனம் நிறைந்தது. ஓசைக்கும் தராசு இருக்கிறது. அதற்கு முத்திரையும் இருக்கிறது. ஹெட்போனை விற்கிறவர்களுக்கு மட்டும் அது தேவைப்படவில்லை.

வரைபடம் வந்தது. இடது காதின் கோடு சமமாகப் போய், மேல் ஓசை வரும் இடத்தில் கிணற்றில் இறங்குவது போல இறங்கியது. வலது காதின் கோடு கடைசிவரை மட்டமாக ஓடியது.

"ரைட் இயர் உங்க வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு. லெஃப்ட்ல மேல் சத்தம் போயிருக்கு. அது திரும்பாது. இனிமே சத்தத்துல நிக்கும்போது காதுக்கு அடைப்பான் வச்சுக்கங்க" என்றார் அந்தப் பெண்.

"வலதுல சலங்கை கேக்குமா தாயி?"

"சலங்கையா?"

"மேல் சத்தத்தைக் கேக்காவ" என்று நான் மொழிபெயர்த்தேன்.

"அதெல்லாம் நல்லாவே கேக்கும்."

வெளியே வந்ததும் அவர் வரைபடத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். முகம் தெளிந்திருந்தது. "காத அடச்சுக்கிட்டு மைக்செட் ஓட்டணுமாம். டாக்டர்மாருக்கு எங்க தொழிலு புரியல" என்றார். ஆனால் மருந்துக்கடையில் அடைப்பான் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது மணியாச்சியில் எதிர் வண்டிக்காக ரயில் நின்றது. அவர் என்னை எழுந்திருக்கச் சொல்லித் தனக்கு வலது பக்கம் உட்காரவைத்துக்கொண்டார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அதை மறைக்காமல் கேட்டார். இந்தச் சான்றை என்ன செய்யலாம் என்று கேட்டேன். வலது காதை மட்டும் சொல்லும்படி ஒரு பிரமாணப் பத்திரம் எழுத முடியும். ஹெட்போனை அந்தக் காதில்தானே வைக்கிறார். சட்டப்படி அதில் பொய் ஒன்றும் இல்லை.

"அவனும் அதத்தான செய்யுதான் சார்?" என்றார். "பொய் ஒண்ணும் இல்ல. ஒரு வரிய விட்டுட்டான். அம்புட்டுத்தான். நீங்க எழுதுங்க. வலது நல்லா இருக்கு, எடது மேல் சத்தத்துல போச்சு. ரெண்டையும் எழுதுங்க."

"ஊருக்குத் தெரிஞ்சுரும் வே."

"தெரியட்டும். பெட்டி மேல எழுதிட்டு வித்தா அப்புறம் எவன் கேக்க முடியும்?"

எழுதினேன். நான்கு வரி. அடைமொழி ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. வரைபடத்தை இணைத்தேன்.

விசாரணை காணொலியில் நடந்தது. என் வீட்டு முன்னறையில், மனைவி போட்டுவைத்த வெள்ளைத் திரைக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தோம். நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் காதைப் பிடித்தார். ஆணையத் தலைவர், மனுதாரரே தன் இடது காதின் குறையை ஒப்புக்கொண்டு சான்றும் கொடுத்திருக்கிறார், மேற்கொண்டு இதில் நிரூபிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். வழக்கறிஞர் காதை விட்டுவிட்டுப் பெட்டிக்கு வந்தார். பெட்டியில் இடம் குறைவு, எல்லா நிபந்தனையையும் அச்சடிக்க முடியாது என்றார். தீப்பெட்டியில் சராசரி என்ற சொல்லைச் சேர்த்துப் போட இடம் கிடைக்கிறது, இந்தப் பெட்டிக்குள் இருபது தீப்பெட்டி வைக்கலாம் என்று நான் சொன்னேன். அனுமதி கேட்காமல் பேசக் கூடாது என்று தலைவர் கண்டித்தார். சரியான கண்டிப்புதான். நடைமுறை அதுவே. ஆனால் குறித்துக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று மைக்செட்காரரைக் கேட்டார்.

"எழுதச் சொல்லுங்கய்யா. ரெண்டு போனச் சேத்தா அது வராதுன்னு, அந்த நாலெழுத்துக்குப் பக்கத்துலயே எழுதச் சொல்லுங்க. என் குறைய நான் எழுதிட்டேன்லா?"

ஆடி மாதத்தில் தீர்ப்பு வந்தது. முக்கியமான வரம்பை மறைத்து விளம்பரம் செய்தது முறையற்ற வணிக நடைமுறை. மனுதாரர் கண்ட குறை பொருளில் உள்ளதே. விலையைத் திருப்பித் தர வேண்டும். இனி பெட்டியிலும் இணையதளத்திலும் அந்தக் கோடெக்கின் பெயர் வரும் இடத்திலேயே வரம்பையும் குறிப்பிட வேண்டும். நிறுவனம் மேல்முறையீடு செய்யலாம். செய்வார்கள் என்றே நினைக்கிறேன். புதுப் பெட்டி ஒன்றைக் கடையில் பார்க்கும்போதெல்லாம் திருப்பிப் பார்க்கிறேன். அந்த வரி இன்னும் ஏறவில்லை. இணையதளத்தில் மட்டும் பத்தொன்பதாவது கேள்வி ஐந்தாவதாக மேலே வந்திருக்கிறது. ஆய்வாளனாக இருந்தவனுக்கு இந்த வேகம் புதிதல்ல.

தீர்ப்பு வந்த இரண்டாவது வாரம், அதே கயத்தாறுப் பக்கத்து ஊர்க் கமிட்டிக்காரர்கள் இருவர் ஆவணிக் கொடைக்காக அவர் கடைக்கு வந்தார்கள். அதில் ஒருவர், போன வருடம் கூட்டத்துக்கு மத்தியில் கேட்ட அந்தப் பெரியவர். நான் தீர்ப்பின் நகலைக் கொடுக்கப் போனவன், அங்கேயே ஒரு குழாய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். பெரியவர் வெற்றிலை பாக்கு வைத்த தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அதைக் கீழே வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மைக்செட்காரர் தீர்ப்பை எடுத்துக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வரைபடத்தை எடுத்தார்.

"அண்ணாச்சி, தட்ட வைக்கதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிருதேன். போன வருசம் கொளறுனது அந்த ஹெட்போனு. அதக் கோர்ட்டே சொல்லிட்டு. ஆனா நீங்க கேட்டதுலயும் பாதி நெசம் இருக்கு. எடது காது மேல் சத்தத்துல போச்சு. செட்டிங் பண்ணுதது எப்பவும் வலதுலதான். யோசிச்சுக்கிடுங்க."

கூட வந்தவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜாதகம் பார்ப்பது போல வரைபடத்தின் மேல் குனிந்தார். விரலால் ஒரு கோட்டைத் தொட்டுப் பின்தொடர்ந்தார்.

"என்னவே இது, கெணத்துல எறங்குத மாதிரி எறங்குது?"

"அது எடது அண்ணாச்சி. பக்கத்துல இருக்கதப் பாருங்க."

பெரியவர் அடுத்த கோட்டில் விரலை வைத்தார். அது மட்டமாகத் தாளின் மறுகரைவரை போயிற்று. கடைசிவரை கூடவே போய்ப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"சரி" என்று தட்டைக் கீழே வைத்தார். "கொடைக்கு இந்தக் காதக் கூட்டிட்டு வாரும்."